மிதி மெஷின் பாட்டு

ஜூன் 9

அக்கா,

நீ போனை எடுப்பதில்லை. உன் அறைக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரரைப் பிடித்தேன். "அம்மா நல்லா இருக்காங்க சார். உங்க பேரைச் சொன்னா மட்டும் கூப்பிட வேணாம்னு சொல்லியிருக்காங்க" என்றார். பாவம், அவர் குரலில்தான் கூச்சம் இருந்தது. தெரியாத கடைக்காரர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி எழுதித்தான் இந்தக் குடை வியாபாரத்தை வளர்த்தேன். கூடப் பிறந்தவளுக்கு எழுதுவதில் எனக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

அன்றைக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கேட்டுவிட்டுத் திட்டு.

மழைக்காலம் தள்ளிப்போய்விட்டது. கட்டின சரக்கு கட்டினபடி கிடக்கிறது. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் நடந்தேன். அந்தப் புதுப் பெண், எல்லாரும் வாயாடி என்று கூப்பிடுகிறார்களே, அவள் என்னைப் பார்த்தாள். உடனே உன் பெண் குருவியின் பாட்டை எடுத்துத் திருப்பிப் போட்டாள்.

மழையே மழையே ஓடி வா
மொதலாளி மூஞ்சி வாடுது!

எல்லாரும் சிரித்தார்கள். மோட்டார் மெஷின் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. நானும் சிரித்தேன். நல்ல சரக்கை நல்ல சரக்கு என்றுதானே சொல்ல வேண்டும்? திரும்பிப் பார்த்தால், மூலையில் உன் மிதி மெஷின் மட்டும் ஆளில்லாமல் இருந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் போயிருந்தாய். ராத்திரிக்குள் வந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ ஊரைவிட்டே போய்விட்டாய்.

அக்கா, குருவி போய்ப் பதினைந்து வருஷம். அவள் முகத்தைப் பார்த்தே இராத பெண்கள் அவள் கட்டின பாட்டைப் பாடுகிறார்கள். எத்தனை பிள்ளைகளுக்கு இது வாய்க்கும்? அவர்கள் அதை வேகமாகப் பாடுகிறார்கள், கிண்டலாகப் பாடுகிறார்கள். இருக்கட்டுமே.

நாம் குடை தைக்க ஆரம்பித்தபோது கறுப்புத் துணி ஒன்றுதான். முதன்முதலில் பூப்போட்ட துணி போட்டபோது என்ன பேச்சு கேட்டோம்! "இதென்ன குடையா, சன்னல் திரையா?" அதே ஆட்கள் அடுத்த வருஷம் பேத்திக்கு வேண்டும் என்று தேடி வந்தார்கள். அவர்களுக்குப் பூ பிடிக்காமல் இல்லை. கையில் கறுப்பு இருந்தது, அதனால் அதுதான் குடை. அவ்வளவுதான் விஷயம்.

வந்துவிடு. உன் மெஷினுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

உன் தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

குடைத் துணிக்குள் என் மகள் இல்லை. பாட்டுக்குள் இருக்கிறாள். இந்த வித்தியாசம் உனக்குப் புரியாது, நீ பார்க்கிறதெல்லாம் சரக்கு.

அவள் பாடினது என்ன? "மழையே மழையே பொறுத்துக்கோ, மடல் ஒண்ணு மிச்சம் இருக்குது." குடையின் எட்டுத் துண்டுத் துணிக்கும் மடல் என்று பேர் வைத்ததே அவள்தான். இன்னும் ஒரு துண்டு தைக்க வேண்டும், அதுவரைக்கும் பெய்யாதே, யாரும் நனைந்துவிடக் கூடாது என்று மழையைக் கெஞ்சின பெண் அவள். அந்தக் கெஞ்சலை எடுத்து, உன் சரக்கு தீரவில்லை என்று மழையை வெற்றிலைபாக்கு வைத்து அழைக்கிற பாட்டாக ஆக்கிவிட்டார்கள். ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்காமல் எதிர்ப்பதமாக்கி விட்டார்கள். அதற்கு நீ சிரிக்கிறாய். தாய்மாமன் சிரிக்கிறான்.

இது அன்றைக்கு ஆரம்பித்ததும் இல்லை. நீ மோட்டார் வாங்கிப் போட்ட நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதலில் வேகம் கூடினது. பிறகு இழுப்பு போனது. பிறகு ஒரு வரியே காணாமல் போனது. நான் ஒருநாள் அந்த வாயாடியிடமே கேட்டேன், "ஏண்டி, கொஞ்சம் நிதானமா பாடக் கூடாதா?" என்று. அவள் சொன்ன பதில்: "இந்த மெஷின் ஓடுற ஓட்டத்துக்கு இழுத்துப் பாடினா ஊசி விரல்ல ஏறிடும்மா! நீங்க வேணா இழுங்க, உங்க மெஷின் மாட்டு வண்டி." எல்லாரும் சிரித்தார்கள். அப்போதும் பொறுத்துக்கொண்டேன்.

நான் திரும்பி வர வேண்டுமானால் ஒன்று செய். அந்தப் பாட்டு அந்தப் பட்டறையில் இனி வேண்டாம். அவள் பாடினபடி பாட முடிந்தவர்கள் பாடட்டும், முடியாதவர்கள் வாயை மூடட்டும். நான் பக்கத்தில் இல்லாதபோதும்.

அக்கா


ஜூலை 2

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தையும் எழுதிவிடுகிறேன், உள்ளே வைத்துக்கொண்டு பழகத் தெரியாது எனக்கு.

அவள் பாடினபடி என்கிறாய். எந்த நாள் பாடினபடி? அந்த மெட்டு அவளுக்கு எங்கிருந்து வந்தது, ஞாபகம் இருக்கிறதா? காலையில் வானொலியில் ஒரு சோப்பு விளம்பரம் வருமே, துள்ளிக்கொண்டு? அதைத்தான் பிடித்தாள். பல் தேய்க்கும்போதெல்லாம் அதைத்தான் முணுமுணுப்பாள். நீயே "வாயில நுரையோட சோப்பு விக்காதடி" என்று தலையில் குட்டியிருக்கிறாய். பட்டறைக்கு வந்து மிதியில் காலை வைத்த பிறகு அந்தத் துள்ளல் நடக்கவில்லை. கால் போகிற வேகத்துக்கு மெட்டு நீண்டது. நீளத் தையல் முடிகிற வரைக்கும் இரண்டு வரி. தையல் முடிந்து, கால் நின்று, நூலை வெட்டித் துணியைத் திருப்புகிற நேரத்துக்கு ஒரு வரி. அப்படித்தான் அந்தப் பாட்டு உருவானது, என் கண் முன்னால். மெஷின்தான் பாதி கட்டினது, மீதிதான் அவள். அந்த சோப்புக்காரன் வந்து, "என் மெட்டை இழுத்துக் கெடுத்துட்டியே பாவி" என்று அவளிடம் சண்டை போட்டானா?

மோட்டார் வந்தது. இரண்டாவது வரி முடிவதற்குள் நூல் தானாக அறுபட்டு அடுத்த மடல் வந்து நிற்கிறது. நிற்காத காலுக்கு மூன்றாவது வரி எதற்கு? உதிர்ந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று வெட்டவில்லை.

சரி. வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள். ஜெயித்து எதை விற்கப் போகிறேன்? எனக்கு நீ வர வேண்டும்.

ஒரு வாடிக்கையாளர் குடையைத் திருப்பிக் கொண்டுவந்தால் நான் வாதாடுவதில்லை. அந்த ரகத்தையே அலமாரியிலிருந்து எடுத்துவிடுவேன். இதையும் அப்படியே செய்துவிட்டேன். நேற்று மெஷினையெல்லாம் நிறுத்தச் சொல்லி நடுவில் நின்றேன். "இனிமே அந்த மழைப் பாட்டு இங்க வேணாம். வேற எது வேணும்னாலும் பாடிக்கோங்க" என்றேன்.

கண்ணாடியக்காதான் கேட்டாள். நம்மோடு முதல் நாளிலிருந்து இருக்கிறவள், குருவிக்குத் துணி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். "மெதுவா பாடினாலும் வேணாமாய்யா?" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. "எப்படியும் வேணாம்" என்று சொல்லிவிட்டேன். ஒரு கதவைப் பாதி சாத்தினால் யாராவது தள்ளிக்கொண்டேதான் இருப்பார்கள்.

உன் காரியம் முடிந்தது. பஸ் ஏறு.

தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

செய்ததற்குச் சந்தோஷம்.

சோப்பு விளம்பரம் நிஜம்தான். நிஜத்தையெல்லாம் எழுதி அனுப்ப வேண்டுமா? அதை நீ எழுதியிருக்க வேண்டாம். இரண்டு நாளாகத் தலையில் அந்தச் சோப்புதான் ஓடுகிறது.

இப்போது வருவதற்கில்லை. இங்கே ஒரு துணிக்கடைக்குக் கையாலே ஓரம் அடித்துக் கொடுக்கிறேன். சத்தம் இல்லாத வேலை. கண்ணாடியக்காவைக் கேட்டதாகச் சொல். அவளுக்காக மெதுவாகப் பாட விட்டிருக்கலாமே நீ. போகட்டும், நானேதான் வேண்டாம் என்றேன்.

அக்கா


செப்டம்பர் 18

அக்கா,

மழை வந்தது, சரக்கு போனது, மூஞ்சி தேறிவிட்டது. வீட்டில் எல்லாரும் சுகம். உன் தம்பி பெண்டாட்டி உன்னைக் கேட்டுக் கேட்டு என் காதைத் தின்கிறாள்.

பட்டறை எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன். வேறு எது வேண்டுமானாலும் பாடுங்கள் என்று சொன்னேன் இல்லையா? ஒருத்தியும் எதையும் பாடவில்லை. கடையில் ஒரு ரகத்தை எடுத்தால் வருகிறவர் அடுத்த ரகத்தைப் பார்ப்பார். இங்கே அந்தக் கணக்கு ஓடவில்லை. முதல் வாரம் முறைத்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொருத்தியாகக் காதில் இயர்போனைச் சொருகிக்கொண்டாள். இப்போது ஒவ்வொருத்தி காதிலும் ஒவ்வொரு பாட்டு. ஒருத்தி சிரித்தால் பக்கத்தில் இருப்பவளுக்கு ஏனென்று தெரியாது. வேலை நடக்கிறது. தையலில் குறை இல்லை. நான் உள்ளே நடந்து வந்தால் யாரும் தலையைத் தூக்குவதில்லை, அவ்வளவுதான்.

வாயாடி போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். "உங்க மேல கோவம் இல்ல மொதலாளி. ஆனா இங்க உக்காந்தா ஆஸ்பத்திரில உக்காந்த மாதிரி இருக்கு." கெட்டிக்காரப் பெண், இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து நிறுத்திப் பார்த்தேன். கேட்கவில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தடை உன்னுடையது, பூட்டுப் போட்ட கை என்னுடையது. ஆனால் நீ கேட்டது கிடைத்துவிட்டது, அப்புறமும் ஏன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாய்?

தம்பி


நவம்பர் 11

தம்பி,

இதை எழுத வேண்டாம் என்று பல நாள் தள்ளிப் போட்டேன். நீ படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நான் கேட்டதை மட்டும் செய்.

அந்த மூன்றாவது வரி என்னடா?

எனக்கு வரவில்லை. ஓரம் அடிக்கும்போது மனதுக்குள் பாடிப் பார்ப்பேன். முதல் வரி வரும், இரண்டாவது வரி வரும், அதற்குப் பிறகு சோப்பு வந்துவிடும். இல்லாவிட்டால் உன் மூஞ்சி வாடுகிற பாட்டு வரும். என் மகள் பாட்டு வராது.

முதலில் களைப்பு என்று நினைத்தேன். பிறகு வயசு என்று நினைத்தேன். இப்போதுதான் ஒன்று தெரிகிறது. நான் அதை ஒரு நாளும் வாயைத் திறந்து பாடினதே இல்லை. அவள் பாடுவாள், மற்றவர்கள் பாடுவார்கள், நான் மிதிப்பேன். அவள் போன பிறகும் அப்படித்தான். கேட்டுக்கொண்டே இருந்ததை வைத்துக்கொண்டிருப்பதாக நினைத்துவிட்டேன். அப்போது போனில் பிடித்து வைக்கிற காலமும் இல்லை.

எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. அந்த வரி வரும்போது அவள் கால் நிற்கும். கால் நின்றால் தலை நிமிரும். நூலை வெட்டிக்கொண்டே எதிரில் இருக்கிற என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வை அப்படியே இருக்கிறது. நெற்றியில் முடி ஒட்டியிருப்பதுகூடத் தெரிகிறது. வாய் அசைவதும் தெரிகிறது. சத்தம் இல்லை.

யாரோ வீடு போய்ச் சேருவது பற்றி என்று நினைக்கிறேன். அதுவும் நிச்சயம் இல்லை.

கண்ணாடியக்காவைக் கேள். அவள் மறக்க மாட்டாள். தடை கிடை ஒன்றும் இல்லை என்று சொல், பாடச் சொல். எழுதி அனுப்பு. மெட்டை எப்படி எழுதுவாய் என்று தெரியவில்லை, எப்படியாவது எழுது.

அக்கா


டிசம்பர் 3

அக்கா,

நல்ல செய்தியாக இருந்தால் அன்றைக்கே தந்தி மாதிரி அனுப்பியிருப்பேன். தாமதத்திலேயே உனக்குப் புரிந்திருக்கும்.

கண்ணாடியக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் தெரியாது?" என்று நிமிர்ந்தாள். இரண்டு வரி பாடினாள். அப்புறம் வாயைத் திறந்தபடியே நின்றாள். "இருங்கய்யா, நாக்கு நுனியில இருக்கு" என்றாள். சாயங்காலம் வரைக்கும் நுனியிலேயே இருந்தது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. மறுநாள் உன் மிதி மெஷினைப் பட்டறை நடுவில் இழுத்துப் போட்டேன். மோட்டாரையெல்லாம் நிறுத்தச் சொன்னேன். அவளை உட்காரவைத்து, பழைய கறுப்புத் துணியில் இரண்டு மடலைக் கையில் கொடுத்தேன். காலுக்கு ஞாபகம் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. மற்ற பெண்கள் இயர்போனைக் கழற்றிவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

கால் மறக்கவில்லை, அக்கா. மிதிக்க ஆரம்பித்ததும் குரலே மாறிவிட்டது. அந்த இழுப்பு, அந்தக் குழைவு, எல்லாம் வந்தது. இரண்டாவது வரி முடிந்தது. தையலும் முடிந்தது. காலை நிறுத்தினாள். நூலை வெட்டினாள். துணியைத் திருப்பினாள். தலையை நிமிர்த்தினாள்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி மிதித்தாள். மறுபடி அங்கேயே நின்றாள். நாலாவது தடவை அழுதுவிட்டாள். "அந்த எடத்துல அவ மட்டும்தான்யா பாடுவா. நாங்க மூச்சு வாங்குவோம்" என்றாள். அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. நிஜம்தான். மூன்றாவது வரியை மற்றவர்கள் அவளுக்கு விட்டுவிடுவார்கள். அவள் போன பிறகு கொஞ்ச நாள் யாரோ ஒருத்தி பாடியிருக்கிறாள், பிறகு மோட்டார் வந்துவிட்டது.

பழைய ஆட்கள் வேறு யார் உண்டோ அத்தனை பேரையும் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டேன். கிடைக்கவில்லை. இருக்கிறது, வரும், என்று உனக்கு ஆசை காட்ட எனக்கு மனமில்லை. இல்லாத சரக்குக்கு நான் ஆர்டர் எடுத்ததில்லை.

ஒரே ஒரு இடம் பாக்கி. வாயாடி. அவள் இப்போது உன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பை தைக்கிற பட்டறையில் இருக்கிறாளாம், ஒரு பஸ் தூரம். விலாசத்தைத் தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன். அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் கண்ணாடியக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்தவள், கிழவிகள் முணுமுணுப்பதையெல்லாம் பொறுக்கிக்கொள்கிற காது அவளுக்கு. நானே போய்க் கேட்டிருப்பேன். அது நீ போக வேண்டிய இடம் என்று தோன்றியது.

இன்னொன்று. அன்றைக்கு மெஷினை நடுவில் போட்டதிலிருந்து இரண்டு மூன்று பெண்கள் இயர்போனை மறுபடி மாட்டவில்லை. பாடவும் இல்லை. சும்மா இருக்கிறார்கள். "பாடுங்களேம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

தம்பி


ஜனவரி 14

தம்பிக்கு,

போய்விட்டு வந்தேன்.

படியேறும்போதே சத்தம் கேட்டது. மெஷின் சத்தம், கூடவே பாட்டு. நம் பாட்டு. நான் படியிலேயே நின்றுவிட்டேன். ஓட்டமாக இல்லை, தம்பி. மோட்டார்தான், ஆனால் கனத்த கித்தான் துணி, ஊசி மெதுவாகத்தான் இறங்குகிறது. வேகம் தானாகக் குறைந்திருக்கிறது.

மழையே மழையே பொறுத்துக்கோ
பை ஒண்ணு மிச்சம் இருக்குது

மறுபடியும் மழையைப் பொறுக்கச் சொல்கிறார்கள். ஓடி வா என்று பைக்காரன் ஏன் கூப்பிடப் போகிறான்? அவனுக்கு மழை வந்தால் நஷ்டம்.

கதவு வரைக்கும் ஏறிப் போய்ப் பார்த்தேன். பையின் மூலை வந்ததும் மெஷினை நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் விட்டு, துணியைத் திருப்ப வேண்டும். அங்கே ஒரு இடைவெளி வருகிறது. அந்த இடைவெளியில் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள். மூன்றாவது வரி ஒன்றைப் பாடினார்கள்.

பள்ளிக்கூடம் போற புள்ள நனைஞ்சிடும்

ஒரு நிமிஷம் இதுதான் அது என்றே நினைத்தேன். பிறகு தெரிந்தது. இது இல்லை. அவள் குரல் அந்த இடத்தில் கீழே இறங்கும், அந்த இறக்கம் மட்டும் எனக்கு நிச்சயம். இது மேலே ஏறுகிறது. வார்த்தையும் அவளுடையது இல்லை. அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பேச்சே பிடிக்காது.

வாயாடி என்னைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடி வந்தாள். பயந்திருந்தாள். நான் திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மூன்றாவது வரி உனக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "கெடைக்கலம்மா. உங்க பட்டறைல ரெண்டு வரிதான் என் காதுல விழுந்துச்சு. இங்க வந்து பாடினா, துணி திருப்புற எடத்துல வெறுமையா நின்னுச்சு. சும்மா விட முடியல. ஆளாளுக்கு ஒண்ணு போட்டோம், இது நின்னுடுச்சு" என்றாள்.

நம் வீட்டுப் பெண் கட்டின பாட்டு என்று அவள் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அதுவரைக்கும் அவளுக்கு நன்றி இருக்கிறது. அங்கே ஒரு சின்னப் பெண், மூக்கில் பஞ்சு ஒட்டிக்கொண்டு, என் பக்கத்தில் வந்து கேட்டாள்: "அப்போ உங்க பொண்ணு பாடினதுல மூணாவது வரி என்னம்மா? சொல்லுங்க, மாத்திக்கிறோம்."

எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"நாங்க பாடுறது சரிதானாம்மா?" என்றாள்.

சரிதான் என்று சொல்லிவிட்டேன். அப்படியேதான் பாடுவாள் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்காக ஒரு தடவை முழுதாகப் பாடினார்கள். நான் கூடவே வாயை அசைத்தேன்.

அடுத்த மாதம் வருகிறேன். என் மெஷினை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிவிடு, நடக்கிறவர்கள் காலில் இடிக்கும். பெண்களிடம் பாடச் சொல்லாதே. சொன்னால் பாட மாட்டார்கள். உன் மூஞ்சி மறுபடி வாடுகிற வரைக்கும் காத்திரு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, மெதுவாகப் பாடிப் பார்த்தேன். இந்தத் தடவை வாயைத் திறந்தே பாடினேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வந்தது. மூன்றாவதுக்கு அந்தப் பைக்காரப் பெண்களுடையதுதான் வந்தது, தடங்கல் இல்லாமல். இனிமேல் அதுதான் வரும்.

அக்கா